தண்ணீர்ப் பந்தலுக்கு ஓர் உதட்டுக் களிம்பு

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் நம் அறவாரியம் ஆண்டுதோறும் நடத்திவரும் தண்ணீர்ப் பந்தலை இம்மலரின் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தண்ணீருக்கும் நீர்மோருக்கும் நன்கொடை அளித்தவர்களில் பலர் இம்மலரை இப்போது கையில் வைத்திருப்பவர்களே. சென்ற ஆண்டு பூசம் முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு ஷா ஆலத்தில் கூடிய செயற்குழுக் கூட்டத்தில் ஒரு புதிய கோரிக்கை எழுந்தது. முதலுதவி மேசையில் பஞ்சு, கட்டுத்துணி, தைலம் ஆகியவற்றோடு வெயிலைத் தடுக்கும் உதட்டுக் களிம்பையும் வைக்க வேண்டும் என்று தொண்டர் ஒருவர் எழுந்து நின்று கேட்டார். கடைகளில் 'லிப் பாம்' என்று விற்கிறார்களே, அதைத்தான் அவர் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். பெண்பிள்ளைகள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் அலங்காரப் பொருளுக்கும் காவடிக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. கேட்டவரை எனக்குத் தெரியும். ஏன் கேட்டார் என்பதும் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக் கடையில் நின்றவன் என்பதால், பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வாங்கித் தர முன்வந்திருக்கும் அன்பர்களுக்கு, எதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கணக்குச் சொல்வது முறை. இக்கட்டுரை அந்தக் கணக்குத்தான். தம் வீட்டுக்கு ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் உதட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் உடம்பின் தோலுக்கு எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. அவை தோலின்மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சைப் பூசி வைக்கின்றன. உதட்டின் சிவந்த பகுதிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. மேற்புறத்து உலர்ந்த அடுக்கோ மிக மெல்லியது. அதனால்தான் உள்ளிருக்கும் இரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது. எளிதில் வறண்டு வெடிப்பதும் அதனால்தான். மேலும், "நாம் கறுத்த தோலுடையவர்கள், வெயில் நம்மை என்ன செய்யும்" என்று நம்மவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது; தோலின் கருமை நிறமி புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுக்கிறது. ஆனால் உதட்டில் அந்த நிறமி குறைவு. கையும் முகமும் தாங்குகிற வெயிலை உதடும் தாங்கும் என்று எண்ணுவது பிழை.

மேலுதடு மூக்கின் நிழலில் சற்றே ஒதுங்கி நிற்கிறது. கீழுதடோ வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது. வெயிலின் கொடுமை முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. உதட்டில் தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை கீழுதட்டில் வருவதற்குக் காரணம் இதுவே. மேலை நாடுகளில் மீனவர்களிடமும் உழவர்களிடமும் இதனை நெடுங்காலமாகக் கண்டு வந்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டுக் கீழுதடு செதில் உதிர்ந்து, வெளுத்து, உதட்டுக்கும் தோலுக்கும் இடையே உள்ள தெளிவான கோடு மங்கிப்போகும். அந்த நிலைக்கே மாலுமியின் உதடு, உழவனின் உதடு என்று பெயர்கள் உண்டு. அது புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய்க்கு முந்தைய படி.

நம் நாட்டு வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே மட்டுமே இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும், நண்பகலில் சூரியன் நேராக நம் தலைக்கு மேலே நிற்கிறது. பங்குனி உத்திரக் காவடிகள் இந்த உச்சி வெயிலை ஒட்டித்தான் வருகின்றன. தைப்பூசத்தின்போது சூரியன் சற்றே தெற்கே சாய்ந்திருந்தாலும் கதிரின் வேகம் குறைந்துவிடுவதில்லை. புற ஊதாக் கதிரின் கடுமையை அளக்க உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதில் 3 முதற்கொண்டே பாதுகாப்பு தேவை, 11-ம் அதற்கு மேலும் மிகத் தீவிரம். நம் பகுதியில் தெளிந்த வானமுள்ள நண்பகலில் அந்த எண்ணைத் தொடுவது புதுமையல்ல. மேகம் போட்டிருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வழியில்லை. மெல்லிய மேகம் வெப்பத்தை மறைக்குமே தவிரப் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உடம்புக்குச் சூடு தெரியாததால் நாம் இன்னும் அதிக நேரம் வெளியே நிற்கிறோம்.

தலைநகரில் 1873-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி ரதம், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வழி கடந்து, மறுநாள் பகலில்தான் பத்துமலையைச் சென்றடைகிறது. உடன் நடப்பவர்களுக்குப் பாதி வழி இருட்டு, மீதி வழி வெயில். காவடி எடுப்பவர்களோ ஆற்றங்கரையில் நீராடி, பூசை முடித்து, 272 படிகளின் அடிக்கு வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் திறந்த வெளியில் இருக்கிறார்கள். காலில் செருப்பில்லை, தலையில் துணியில்லை. விரதத்தால் உடம்பில் நீரும் குறைவு. முடி காணிக்கை செலுத்திய மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசத் தெரிந்த நமக்கு உதட்டின் நினைவு வருவதில்லை. எங்கள் முதலுதவி மேசைக்கு வருகிறவர்களில் கால் கொப்புளத்திற்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது வெடித்து இரத்தம் கசியும் உதடுகளைத்தான்.

ஒருநாள் வெயிலில் வெடிக்கும் உதடு ஒரு வாரத்தில் ஆறிவிடும். அதற்காக நான் இத்தனை பக்கம் எழுதவில்லை. வருடக்கணக்கில் வெயில் படுகிறவர்களை எண்ணித்தான் எழுதுகிறேன்.

இன்று மாநிலத் தலைநகராக விளங்கும் ஷா ஆலம், ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்று வழங்கிய தோட்டப் பகுதி என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருக்க மாட்டார்கள். ரப்பரும் செம்பனையும் நின்ற மண் இது. சிலாங்கூரின் தலைநகராக இது 1978-ஆம் ஆண்டு ஆனது. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்காவது விடியற்காலை வேலை. மரத்தின் நிழலும் உண்டு. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு வேறு கதை. நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளைத் தூக்கிப் பிடித்து, மட்டைகளுக்கிடையே பழுத்த குலை எங்கே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டும். தொப்பி போட்டிருந்தாலும், அண்ணாந்து பார்க்கையில் அதன் நிழல் முகத்தில் விழாது. வெயில் நேராகக் கீழுதட்டில் இறங்கும்.

அப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் குலை வெட்டிய ஒருவர், தோட்டத்தை விட்டு வந்த பிறகு நான் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு வாடிக்கையாக வருவார். வந்தால் ஒரு சின்னப் புட்டி பெட்ரோலியம் ஜெல்லி வாங்குவார். "ஒதடு காஞ்சி போவுது தம்பி" என்பார். நானும் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு மாதத்திற்கு ஒரு முறை வருவார். இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது. கீழுதட்டில் வெளுத்த செதில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை நாளாக ஆறவில்லையே, எங்கே காட்டுங்கள் என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. பிறகு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். 2009-ஆம் ஆண்டு திரும்பி வந்தபோது அவருடைய கீழுதட்டில் ஒரு பகுதி இல்லை. அரசாங்க மருத்துவமனையில் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துத் தைத்திருந்தார்கள்.

அவர் என்மேல் குறைபட்டுக்கொள்ளவே இல்லை. நோய் கழுத்துக் கட்டிகளுக்குப் பரவுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள், முருகன் காப்பாற்றினான் என்றார். ஆனால் பேச்சுத்தான் அவருக்குச் சிரமமாக இருந்தது. பகரமும் மகரமும் இரண்டு இதழும் பொருந்தினால் பிறக்கும் எழுத்துகள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. பள்ளியில் படித்தபோது அதை ஒரு சூத்திரமாகவே மனனம் செய்திருந்தேன். "முருகா" என்று சொல்ல முதலில் உதடு கூட வேண்டும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் அந்த ஒரு சொல்லைப் பழகினாராம். கூட்டத்தில் எழுந்து நின்று உதட்டுக் களிம்பு கேட்ட தொண்டர் அவர்தான்.

ஆகவே, களிம்பைத் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியபோது நான் தேடியது வாசனையை அல்ல. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஷா ஆலத்திலும் உள்ள மருந்துக் கடைகளில் இருப்பதை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எந்த வணிகப் பெயரையும் இங்கே நான் குறிப்பிடப் போவதில்லை; இது விளம்பரப் பக்கம் அல்ல. பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பெயர் தேவைப்படாது.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது: உதட்டுக் களிம்பு எல்லாமே வெயிலைத் தடுப்பதில்லை. கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஈரத்தைக் காப்பவை மட்டுமே. பெட்ரோலியம் ஜெல்லியும் அப்படியே. நம் வீட்டு நெய்யும் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வெடிப்பை ஆற்ற நல்லவைதாம். பாட்டி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெயிலுக்கு முன்னால் அவை நம்பத்தக்க கவசம் அல்ல. நான் இரண்டு ஆண்டுகள் அந்த மனிதருக்கு விற்றது வறட்சிக்கான பொருள். அவருக்கு வந்திருந்தது வெயிலின் நோய்.

வெயிலைத் தடுக்கும் களிம்பில் 'எஸ்.பி.எஃப்.' என்று போட்டு ஓர் எண் இருக்கும். தோலைச் சிவக்கச் செய்து சுடும் 'பி' வகைப் புற ஊதாக் கதிரை அது எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. 15 என்றால் ஏறக்குறைய 93 விழுக்காட்டைத் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் ஒரே விழுக்காடுதானே வித்தியாசம், பதினைந்தே போதாதா என்று என் மகன் கேட்டான். கணக்கு சரிதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இந்த எண்ணைக் கண்டறியும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கனமாகப் பூசுகிறார்கள். நாமோ அதில் பாதிகூடப் பூசுவதில்லை. பூசியதிலும் பாதியை மோரோடு சேர்த்து விழுங்கிவிடுகிறோம். எனவே பொட்டலத்தில் உள்ள எண் உதட்டில் ஒருநாளும் முழுதாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் 30-க்குக் குறைந்த எதையும் நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

இந்த எண் 'ஏ' வகைக் கதிரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது தோலை உடனே சுடாமல் ஆழமாக இறங்கி மெல்ல மெல்லக் கெடுப்பது. பேருந்தின் கண்ணாடிச் சன்னல் வழியாகவும் வருவது. அதற்குத் தனியே அடையாளம் தேட வேண்டும். ஜப்பானியர்கள் 1996-இல் கொண்டுவந்த 'பி.ஏ.' என்னும் குறியீட்டை இங்கு விற்கும் பல பொருள்களில் காணலாம். அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும், கூடினால் நான்கு. மூன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியப் பொருளாக இருந்தால் 'யு.வி.ஏ.' என்ற எழுத்துகள் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று எழுதியிருந்தாலும் இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும் என்று பொருள்.

அடுத்தது நம் நாட்டுச் சட்டம் சம்பந்தப்பட்டது. மலேசியாவில் இத்தகைய களிம்புகள் அழகுசாதனப் பொருள்கள் என்ற வகையில் அடங்கும். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அவற்றை முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்த பொருளுக்கு ஆங்கிலத்தில் என்., ஓ., டி. என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். பதிவு எண் இருப்பதாலேயே பொருள் தரமானது என்று அரசாங்கம் உத்தரவாதம் அளித்ததாக ஆகாது. ஆனால் எண்ணே இல்லாத பொருளை நான் தொட மாட்டேன். பாசார் மாலாம் கடைகளில் 'உதட்டைச் சிவக்க வைக்கும்', 'கறுத்த உதட்டை வெளுக்க வைக்கும்' என்று கூவி விற்கும் டப்பாக்களைப் பார்க்கிறேன். முகத்தை வெளுக்கும் பூச்சுகளில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்டுப் பல பொருள்களின் பதிவு ரத்தாகியிருக்கிறது. முகத்தில் பூசவே ஆகாததை வாயில் பூசலாமா?

இனி நம் செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயத்திற்கு வருகிறேன். விரதம் இருப்பவர் உதட்டில் பூசுவது வாய்க்குள் போகும். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பந்தலில் கொடுக்க முடியுமா? ஹலால் முத்திரை இருந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். அம்முத்திரை பன்றியின் பொருள் இல்லை என்பதற்கு உறுதி. சைவம் என்பதற்கு அல்ல. முறைப்படி அறுத்த மாட்டின் கொழுப்பு ஹலாலாக இருக்கலாம், நமக்கு ஆகாது. ஆகவே சேர்மானப் பட்டியலைத்தான் படித்தாக வேண்டும். அதில் வரும் பெயர்கள் லத்தீனில் இருப்பதால் யாருக்கும் புரிவதில்லை. 'சேரா ஆல்பா' என்றால் தேன்மெழுகு. 'லனோலின்' என்றால் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. 'டாலோ' என்பது மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம். 'கார்மைன்' அல்லது 'சி.ஐ. 75470' என்பது கள்ளிச்செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியைக் கொன்று உலர்த்தி எடுக்கும் சிவப்புச் சாயம். 'கிளிசரின்', 'ஸ்டியரிக் அமிலம்' ஆகிய இரண்டும் செம்பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, தயாரிப்பாளரை எழுதிக் கேட்க வேண்டும். மூவருக்கு எழுதினேன், ஒருவரே பதில் எழுதினார்.

தேன்மெழுகு கூடுமா கூடாதா என்று விவாதம் வந்தது. முருகனுக்குத் தேனால் அபிஷேகம் செய்கிறோம், பஞ்சாமிர்தத்தில் தேன் கலக்கிறோம், மெழுகு மட்டும் எப்படி ஆகாது போகும் என்று பெரும்பான்மையோர் கருதியதால் அது ஏற்கப்பட்டது. பூச்சிச் சாயமும் மாட்டுக் கொழுப்பும் கூடாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பூச்சியைப் பற்றிப் பேசுகிறோமே என்று ஓர் இளைஞர் கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை, தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். தேன்மெழுகும் வேண்டாம் என்பவர்கள் 'காண்டெலில்லா', 'கார்னவுபா' என்னும் செடி மெழுகுகளால் ஆன களிம்பைக் கேட்டு வாங்கலாம்.

வெயிலைத் தடுக்கும் பொருள்களிலும் இரண்டு வகை உண்டு. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும் கனிமப் பொடிகள். எண்பதுகளில் கிரிக்கெட் வீரர்கள் உதட்டிலும் மூக்கிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். மென்மையான தோலுக்கு அவை எரிச்சல் தருவது அரிது. குறை என்னவென்றால், நம் நிறத்துக்கு அவை சாம்பல் பூசியதுபோல் தெரியும். நெற்றியில் திருநீறு அழகு, உதட்டில் அப்படி அல்ல என்று துடைத்துவிடுவார்கள். துடைத்தால் பயனில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்துச் சற்றே பழுப்பாக்கிய களிம்புகள் வருகின்றன, 'சி.ஐ. 77491' போன்ற எண்கள் இருந்தால் அதுவே. அதுவும் மண்ணின் நிறமிதான், பூச்சி அல்ல. இன்னொரு வகை, கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள். அவை வெளியே தெரியாமல் உதட்டோடு கலந்துவிடும். சிலருக்கு எரியும், சிலருக்குக் கசக்கும். எது மேல் என்று கேட்டால், பூசியவர் துடைக்காமல் வைத்திருப்பது எதுவோ அதுவே மேல்.

கற்பூரம், புதினா உப்பு சேர்த்துக் குளுகுளுவென்று இருக்கும் களிம்புகளை நான் ஒதுக்கிவிட்டேன். வெடித்த உதட்டில் அவை எரிச்சலைக் கூட்டும். பழச்சுவை சேர்த்தவற்றையும் ஒதுக்கினேன். சுவை இருந்தால் நாக்கு சும்மா இருக்காது. உதட்டை நக்க நக்க எச்சில் காய்ந்து வறட்சி இன்னும் மோசமாகும். விரலால் தொட்டு எடுக்கும் டப்பா வீட்டுக்குச் சரி, பலர் கூடும் பந்தலுக்கு ஆகாது. ஒருவர் பூசிய குச்சியை இன்னொருவர் வாங்கிப் பூசுவதும் தவறு. வாயோரத்தில் கொத்தாக வரும் காய்ச்சல் கொப்புளம் தொற்றக்கூடியது. கடும் வெயில் பட்டாலே அது கிளம்பும் சிலருக்கு. அதனால் ஆளுக்கொரு சிறு குச்சி என்று முடிவு செய்திருக்கிறோம். செலவு கூடத்தான். காரில் விட்டுச் சென்றால் உருகிவிடும் என்பதையும் வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூசும் முறை எளிது. வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு கனமாக, வாயின் இரு ஓரங்களையும் விடாமல் பூச வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறையும், குடித்த பிறகும், உண்ட பிறகும் மறுபடி பூச வேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொள்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அலகு ஏறும் இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கும். எனவே உதட்டில் மட்டும் பூசி, சுற்றுப்புறத்தைத் துடைத்துவிட்டு, அலகு போடும் பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். வேலை எடுத்து விபூதி வைத்த புண்ணின் மேல் இதைத் தடவக் கூடாது.

வயதான அன்பர்களுக்கு இன்னொன்று. இரத்த அழுத்தத்திற்குப் பலர் உண்ணும் 'ஹைட்ரோகுளோரோதயசைடு' என்னும் மாத்திரை, வெயிலைத் தோல் தாங்கும் சக்தியைக் குறைப்பது. டென்மார்க்கில் 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று, அதை நெடுங்காலம் உண்டவர்களிடம் உதட்டுப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டதாகச் சொன்னது. அவர்கள் வெளுத்த தோலினர். நமக்கு அதே அளவு பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. உதட்டுக்குப் பூசிக்கொள்ளுங்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேளுங்கள்.

மனம் வருந்திச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நம் நாட்டில் 1993-94-இல் நடந்த நாடு தழுவிய வாய்நோய் ஆய்வில், புற்றுநோய்க்கு முந்தைய வாய்ப்புண்கள் இந்தியர்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்டன. அதற்குக் காரணம் வெயில் அல்ல. வெற்றிலை பாக்கோடு சேர்த்து அடக்கிக்கொள்ளும் புகையிலை. நம் உதட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பகை, உள்ளிருந்து ஒரு பகை. நான் வாங்கி வைக்கும் களிம்பு வெளிப் பகையை மட்டுமே தடுக்கும். புகையிலையை வாயில் வைத்துக்கொண்டு அதன்மேல் எஸ்.பி.எஃப். 50 பூசுவதில் அர்த்தமில்லை.

வந்துவிட்ட புண்ணை எந்தக் களிம்பும் குணப்படுத்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருக்கும் கட்டி, தானே கசியும் இரத்தம், உரித்தாலும் மறுபடி வரும் வெள்ளைச் செதில், மங்கிப்போன உதட்டுக் கோடு, இவற்றில் எது இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். அருகில் உள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கோ பல் மருத்துவரிடமோ போங்கள். பல் மருத்துவரா என்று யோசிக்க வேண்டாம். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். ஆரம்பத்தில் கண்டால் சிறு சிகிச்சையோடு போய்விடும். அந்தத் தொண்டர் என் கடைக்கு முதன்முதலில் வந்த வாரமே நான் அவரை அனுப்பியிருந்தால், அவர் உதடு முழுதாக இருந்திருக்கலாம்.

இந்த ஆண்டுப் பந்தலில் உதட்டுக் களிம்பு மோர் அண்டாவுக்கு இடப்புறம் உள்ள மேசையில் இருக்கும். எஸ்.பி.எஃப். 30, கூட்டல் குறி மூன்று, பூச்சிச் சாயமும் மாட்டுக் கொழுப்பும் இல்லை என்று தயாரிப்பாளர் எழுத்து மூலம் உறுதி தந்தது. நன்கொடையாளர்கள் விரும்பினால் அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் பார்க்கலாம். மேசையில் அவர்தான் உட்காருவார். களிம்போடு ஒரு கைக்கண்ணாடியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வாங்கிக்கொள்கிறவர் ஒவ்வொருவரும் கீழுதட்டை இழுத்துப் பிடித்து ஒரு முறை பார்த்துவிட்டுப் பூச வேண்டுமாம். சென்ற வாரம் கிள்ளானில் பெரிய கண்ணாடியாக இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.